ரேம்ப் இருக்கிறதா என்று கேட்கிறவள்

கூட்டம் நடக்கிற இடத்துக்கு எல்லோரும் வந்து போகும்படி செய்வது எங்கள் வேலை. அழைப்பிதழில் ‘அனைவரும் வருக’ என்று அச்சடித்துவிட்டோமே, இன்னும் என்ன செய்யணும் என்பது கூட்டம் நடத்துகிறவர்களின் கட்சி.

என்னோடு கான்வென்ட்டில் படித்த ஒருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்காகப் புதுக்கோட்டையில் ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறாள். விழா, பயிற்சி வகுப்பு என்று யாராவது கேட்டால் முன்கூட்டியே போய், படி, கழிவறை, மைக், திரை இதெல்லாம் யாருக்கு எப்படி இடைஞ்சல் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றாள். எனக்கு இங்கிலீஷ் வரும், வாய் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சண்டை போட ஆள் கிடையாது. தகுதி போதும் என்று சேர்த்துக்கொண்டாள். கூட்டம் நடத்தி நொந்தவர்களும் கூட்டத்துக்குப் போய் நொந்தவர்களும் இதைப் படிக்கலாம். நமக்குள் என்ன ஒளிவு மறைவு.

கைதட்டல்

என் நாத்தனார் ஜெயந்தி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சிறுவயதில் போலியோ வந்து கால் இரண்டும் போனதால் நடமாட்டமெல்லாம் சக்கர நாற்காலியில்தான். ஆண்டு விழாவில் அவளுக்குச் சிறந்த ஆசிரியர் கேடயம் கொடுத்தார்கள். மேடைக்குப் படி மட்டும்தான். “கவலைப்படாதீங்க மிஸ், நாங்க இருக்கோம்” என்று பழைய மாணவர்கள் நாலு பேர், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியோடு தூக்கினார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. நாற்காலி ஒரு பக்கமாகச் சரிய, அவள் ஒரு கையில் முந்தானையையும் மறு கையில் நாற்காலிப் பிடியையும் இறுக்கிக்கொண்டு சாமி மாதிரி மேலே போனாள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. மறுநாள் வாட்ஸ்அப்பில் ‘மனிதநேயம்’ என்று படம் சுற்றியது. தூக்கியவர்கள் முகம் பளிச்சென்று இருந்தது. அவள் முகம் ஒருவன் முழங்கைக்குப் பின்னால்.

அப்போதுதான் அவள் மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது ஜெயந்தி சொன்னாள்: “இத்தன வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்ததுக்கு ஒருத்தரும் தட்டலை மதினி. நாலு பேரு தூக்குனதுக்குத் தட்டுறாங்க. இனிமே நான் செத்தாத்தான் என்னையத் தூக்கணும். கயல் கல்யாணமா இருந்தாலும் சரி.”

மாற்று ஏற்பாடு

மாப்பிள்ளை வீட்டார் அறந்தாங்கியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். மணவறை மேடையில். மேடை என் நெஞ்சு உயரம். தாரை வார்க்கும்போது அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அம்மா மேலே வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒரு ஜோடியை உட்கார வைப்பார்கள்.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா இதையெல்லாம் வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் தீர்த்துவைத்தார். “இதுக்கு ஏன் இம்புட்டு யோசனை? ஜெயந்தி கீழ இருந்து அட்சதையைப் போடட்டும். அண்ணனும் மதினியும் மேல ஒக்காந்து தாரை வாத்துக் குடுத்துட்டுப் போறாங்க.” மதினி என்றால் நான்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். ஜெயந்தி முந்திக்கொண்டாள்: “பெத்தது நானு, பெரியப்பா. வேற ஆளு கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க அவ என்ன கூரியர் பார்சலா?”

இருக்கிறது, இருக்கிறது

மண்டபத்தையே மாற்றிவிடலாம் என்று, சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம், அதாவது ரேம்ப், உள்ள மண்டபமாகப் புதுக்கோட்டையில் தேடினேன். ஒரு மண்டபத்து மேனேஜர் போனில், “ரேம்ப்பா? ஜம்முனு இருக்கும்மா, மேடை வரைக்கும் போகும்” என்றார். ஜெயந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அங்கே யார் வீட்டு வளைகாப்போ. ரேம்ப் இருந்தது. அடிவாரம் முழுக்க வந்தவர்களின் செருப்பு. நடுவில் ஜெனரேட்டர். மேல்முனையில் கலர் கோலம் போட்டு, அதன் மேல் ஆளுயரக் குத்துவிளக்கு. போதாததற்குக் கைப்பிடிக் கம்பியில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். கயல் கல்யாணத் தேதிக்கு அந்த மண்டபமும் காலி இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதில் வண்டி எப்படி ஏறும் என்று சத்தம் போட்டேன். மேனேஜர் கோபித்துக்கொள்ளவே இல்லை. “ரேம்ப் இருக்கான்னுதானம்மா கேட்டீங்க? காலியா இருக்கான்னு கேக்கலையே.”

சிவப்பும் பச்சையும்

கல்யாணக் கவலை ஒரு பக்கம் இருந்தாலும் வேலை நிற்குமா? ஜெகதாப்பட்டினத்தில் மீனவக் குடும்பங்களுக்குக் கடல் பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பு. பேச வந்த அதிகாரியிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன்: பார்வை இல்லாதவர்களும் வருகிறார்கள், திரையில் இருப்பதை வாயாலும் சொல்லுங்கள். “கண்டிப்பா மேடம்” என்றார். சொன்னபடியே செய்தார். “இதுல பாத்தீங்கன்னா ஒரு வரைபடம் இருக்கு. செவப்பா இருக்குறது போகக் கூடாத பகுதி. பச்சையா இருக்குறது போகலாம்.” அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

முன்வரிசையில் கண் தெரியாத ஒரு பெரியவர். மகன் விசைப்படகில் போகிறவன். எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். எங்கே போகக் கூடாது என்று கேட்டு மகனிடம் சொல்லத்தான் வந்திருந்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார். “சார், எனக்குத்தான் கண்ணு இல்ல, விட்டுருவோம். எம் மகனுக்கு ரெண்டு கண்ணும் இருக்கு. அவன் போயிப் பாக்கையில கடலு எந்தப் பக்கம் செவப்பா இருக்கும்?”

விளக்கை அணை

திருக்கோகர்ணத்தில் ஒரு வேலைவாய்ப்பு விளக்கக் கூட்டம். காது கேளாத பெண்கள் சிலர் வருவதாகச் சொன்னதால், பேச்சைச் சைகையில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்து மேடை ஓரம் நிறுத்தினேன். நல்ல இடம், எல்லோருக்கும் தெரியும். திரையில் படம் ஓட ஆரம்பித்ததும் யாரோ “லைட்ட ஆஃப் பண்ணுங்கப்பா” என்றார்கள். அரங்கம் இருட்டு. சைகைக்காரர் இருட்டுக்குள் மும்முரமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் விளக்கைப் போட்டேன். அவர்கள் அணைத்தார்கள். போட்டேன். அணைத்தார்கள். கரண்ட் கம்பத்தில் கோளாறு என்று வாட்ச்மேன் வெளியே ஓடினார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி போனில் டைப் செய்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: “அக்கா, கை தெரிஞ்சா படம் தெரியலை, படம் தெரிஞ்சா கை தெரியலை. நான் எதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

பலகை

வேறு மண்டபம் கிடைக்காமல் அறந்தாங்கிக்கே போய் நின்றேன். அங்கிருந்த மேலாளர் நல்ல மனுஷன். கேஸ் சிலிண்டர் உருட்டும் பலகையை எடுத்துவந்து மேடையில் சாய்த்துக் காட்டினார். அது சறுக்குமரம். அதில் ஏற்றினால் நாற்காலி பின்னால் உருண்டு நாதஸ்வரக்காரர் மடியில்தான் போய் நிற்கும். யாரும் தள்ளாமல் தன் கையாலேயே ஏற வேண்டுமென்றால் பலகை எவ்வளவு நீளம் வேண்டும் என்று விளக்கினேன். அவர் மேடையிலிருந்து நடக்க ஆரம்பித்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். “அக்கா, நீங்க சொல்றபடி போட்டா பொண்ணோட அம்மா பந்தியில இருந்துதான் கெளம்பி வரணும். பரவாயில்லையா?”

பெருந்தன்மை

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஆளை மேலே ஏற்ற முடியாவிட்டால் மணவறையைக் கீழே இறக்கித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல எல்லோரும் பார்த்தார்கள். அலங்காரக்காரர் மேடைக்கு அளவெடுத்துவிட்டாராம். போட்டோக்காரர் பின்னணி சரியாக வராது என்றார். பெரியப்பா, “தரையில நடந்தா அது கல்யாணமா, காதுகுத்தா?” என்று கேட்டார். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஜெயந்தியின் கணவர் முருகேசன் மட்டும், “சம்பந்தியம்மா ஒத்துக்கிட்டா சரி” என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் வாதங்களை அடுக்கிவைத்திருந்தேன். இரண்டு மூன்று இங்கிலீஷ் வாக்கியங்கள்கூடத் தயார். அந்தம்மா முழுசாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “மேடையே வேணாமா? ஒரு படிகூட ஏற வேணாமா?” என்றார். வேண்டாம் என்றேன். பிறகு, வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஊரு ஆயிரம் பேசும். பேசிட்டுப் போகட்டும். பொண்ணோட அம்மாவுக்காக நாங்க விட்டுக் குடுக்குறோம்.”

முகூர்த்தம்

மண்டபத்தின் நடுவில் ஜமக்காளம் விரித்து மணவறை வைத்தோம். மேடை மேல் யாரும் சீண்டாத பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு பக்கமும் ஜனம் நெருக்கியதால், மொய்க் கவரும் கையுமாக நின்றவர்களை நான்தான் விரட்டி வழிவிட்டேன். முகூர்த்த நேரத்துக்கு ஜெயந்தி தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். யாரும் கை தட்டவில்லை. முருகேசன் மகளின் கையைப் பிடிக்க, இவள் குனிந்து செம்பைச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில். அதைத் தவிர எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு வீட்டுக் கிழவர்களும் கிழவிகளும் மணமக்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அட்சதை போட்டு முடித்தும் நகர மறுத்தார்கள். பெரியப்பாவும் அதில் ஒருவர்.

தாலி ஏறி மேளம் அடங்கியதும் சம்பந்தியம்மா ஜெயந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, புடவைக்கு மேலேயே முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “முட்டி ரெண்டும் போச்சு சம்பந்தி. மண்டபம் பிடிச்ச நாள்ல இருந்து அந்தப் படியை நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. மாப்பிள்ளைக்கு ஆத்தாளா இருந்துக்கிட்டு ஏற முடியலைன்னு எப்புடி வாயத் தொறந்து சொல்றது? ஒங்க பேரச் சொல்லித் தப்பிச்சேன்.”

இந்த வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: படி ஏற முடியாதவர் ஒரே ஒருவர் என்று நினைத்துத்தான் எப்போதும் ஆரம்பிக்கிறோம், படியை எடுத்த பிறகுதான் மற்ற முழங்கால்கள் வாயைத் திறக்கின்றன.