பிரபஞ்சத்தின் வயதைப் பிடித்த வாரம்

தாம்பரத்தில் மாதம் ஒருமுறை கூடும் அறிவியல் வட்டத்தில் பேச எனக்கு முதன்முதலாக அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவளுக்கு அது பெரிய விஷயம்.

தலைப்பு நானே தேர்ந்தெடுத்தது. எலக்ட்ரானும் புரோட்டானும் மின்விசையால் ஒன்றையொன்று இழுக்கின்றன, ஈர்ப்பு விசையாலும் இழுக்கின்றன. முன்னது பின்னதைப் போல எத்தனை மடங்கு? ஒன்றுக்குப் பின்னால் சுமார் நாற்பது சுழியங்கள். எலக்ட்ரானின் ஆரம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளும் தூரத்தை ஒளி கடக்க ஆகும் நேரத்தால் பிரபஞ்சத்தின் வயதை வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே நாற்பது. தற்செயலா, காரணம் உண்டா என்று பெரிய இயற்பியலாளர்களே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

நானும் உடைத்துக்கொண்டேன். ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி, ஈர்ப்பு மாறிலி, மின்னூட்டம், எலக்ட்ரான் நிறை, புரோட்டான் நிறை. இந்த ஆறையும் பெருக்கி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பிரபஞ்சத்தின் வயதைத் தரும் சேர்க்கையைத் தேட ஒரு புரோகிராம் எழுதினேன். கிடைத்தது! பிழை நூற்றில் ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் தரையில் கால் படவில்லை.

சனிக்கிழமை காலை, மேடவாக்கம் வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் தோழியிடம் காட்டினேன். இருவருக்கும் வேலை மென்பொருள் சோதனை. அபத்தமான தகவலை வேண்டுமென்றே கொடுத்துப் பார்ப்பதுதான் அதில் முதல் பாடம்.

"அபத்தமா ஏதாவது குடுத்துப் பாத்தியா?"

"இது பிசிக்ஸ்டி. லாகின் பேஜ் இல்ல."

"அப்போ பாக்கல. உங்க வீட்ல உனக்கு மாப்ள பாத்துக்கிட்டே இருக்காங்கல்ல, அத்தனை நாளையும் செகண்டா மாத்திப் போடு."

மூன்று வருடம் நான்கு மாதம். பிரபஞ்சத்தின் வயது இருந்த இடத்தில் அதைப் போட்டேன். அதற்கும் ஒரு சேர்க்கை வந்தது. பிழை முன்னதைவிடக் குறைவு.

"ஐயோ, புரோட்டானுக்கே தெரிஞ்சிருக்கு! உங்கம்மாகிட்ட சொல்லுடி, லேட் பண்றது அவங்க இல்ல, இயற்கை!"

சிரித்து முடித்தபோது என் கண்டுபிடிப்பும் முடிந்திருந்தது. மறுநாள் பேச்சு. தாளை எடுத்து வழிகளை எழுதினேன். ஒன்று: காய்ச்சல் என்று சொல்வது. இரண்டு: மாப்பிள்ளைக் கணக்கை மறைத்துவிட்டுப் பேசுவது. மூன்று: நடந்ததை அப்படியே சொல்வது. அவள் பேனாவை வாங்கி முதல் இரண்டையும் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே சொன்னேன். இத்தனை மாறிலிகளையும் இத்தனை வழிகளையும் வைத்துக்கொண்டு தேடினால் எந்த எண்ணும் வந்து விழும் என்றேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அப்போ அந்த நாப்பது சுழியமும் சும்மாதானா மேடம்?"

"அது ரெண்டே ரெண்டு எளிய கணக்கு சார். நான் செஞ்ச மாதிரி லட்சக்கணக்குல தேடிப் பிடிச்சதில்ல. சும்மான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. காரணம் இருக்குன்னு சொல்ல ஆதாரமும் இல்ல."

கைதட்டினார்கள். பிறகு ஆளாளுக்கு மடிக்கணினியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "பட்டாவுக்கு அலைஞ்ச நாளப் போடுங்க" என்றார். அதுவும் வந்தது. அரை மணி நேரம் ஒன்றரை ஆனது. கூடத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"எம் பொண்ணு கூடுவாஞ்சேரிலேர்ந்து ரயில்ல வந்துகினு கீறா. எவ்ளோ நேரம் ஆவும்னு சொல்றேன், அதையும் போட்டுட்டுக் கெளம்பும்மா."