பெரியவர் மேசைக்கு ஒரு லைசென்ஸ்

எங்கள் லாரி ஆபீசில் உயிரோடு இருப்பவர்களைவிடக் காலமானவருக்கு மரியாதை அதிகம். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும் ஜோதி பேச்சை யார் கேட்டார்கள்?

நாமக்கல்லில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குப் போன தை மாதம் புது டெலிபோன் வந்தது. கம்ப்யூட்டரோடு சேர்ந்த சமாச்சாரம். வாங்கி மேசையில் வைத்துவிட்டால் மட்டும் பேசாதாம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். லைசென்ஸ் இல்லாத போன், காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கத்தான் உதவும். மேசை பதினொன்று. முதலாளி தீர்த்தகிரி அண்ணன் பெரிய மனது பண்ணி வாங்கிய லைசென்ஸ் பத்து.

அதைப் பங்கிடும் பொறுப்பு மதியழகனுக்கு. எடப்பாடிக்காரர், வயது முப்பத்தெட்டு. பில் போடுவது, டிரைவர்களைச் சமாதானப்படுத்துவது, டீ சொல்வது எல்லாம் அவர்தான். ஆயுத பூஜைக்குச் சுண்டல் சாப்பிட மட்டும் வருகிற அண்ணனின் மச்சானுக்குக்கூட ஒரு லைசென்ஸ் போனது. மிஞ்சிய ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மதியழகன் நினைத்தபோது அண்ணன் கேட்டார்:

"ஏம்ப்பா, அப்பா ரூம்ல போன் இல்லாம எப்படி?"

அண்ணனின் அப்பா, எங்களுக்கெல்லாம் பெரியவர், காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாற்காலி, மேசை, மாலை போட்ட படம், வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த மேசைக்குப் பச்சை விளக்கு எரியும் போன், அதற்கு நூற்றியொன்று என்று முதல் நம்பர். அவரை யார் கூப்பிடப் போகிறார்கள், எமலோகத்து டிரைவரா? பந்தி முழுக்கப் பரிமாறியவருக்கு இலை இல்லாமல் போனது. மதியழகனே போய் அந்தப் போனை மாட்டிவிட்டும் வந்தார். அந்த மனுசனுக்கு வாய் எதற்கு இருக்கிறதோ, தெரியவில்லை.

அவருக்குப் பெண் தேடி ஓய்ந்துவிட்டார்கள். ஜாதகம் பாலக்காடு வரை போய்த் திரும்பிவிட்டது. நிலம் எவ்வளவு, வேலை கவர்ன்மெண்டா என்று பெண் வீட்டார் கேட்டுக் கேட்டே எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைகளின் தலையை நரைக்க வைக்கிறார்கள். ஆவணியில் வெண்ணந்தூரில் ஒரு இடம் அமைகிற மாதிரி இருந்தது. தமிழ்ச்செல்வி என்று பெண். அவளுக்கு இவரைப் பிடித்தும் போயிற்று. அவள் அப்பா வேலுமணிதான், "ஆபீஸ் நம்பர் குடுங்க தம்பி, ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறோம்" என்றார். விசாரிக்காமல் எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுகூட வாங்க மாட்டார்கள்.

மதியழகன் தன்னை மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தார். மேனேஜர் மேசையில் போன் வேண்டாமா? வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் பெரியவருடைய லைசென்சைப் பிடுங்கி, நூற்றியொன்றையும் சேர்த்துத் தன் போனுக்குப் போட்டுக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. உடனே வேலுமணிக்குச் செல்போனில் சொன்னார்: "ஆபீஸ் நம்பரப் போட்டு நூத்தியொண்ணு அழுத்துங்க. காலைல கூப்புட்டா நேரா நானே எடுப்பனுங்க."

"பெரியவரு கோச்சுக்க மாட்டாருங்க ஜோதி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாராவாரம் கற்பூரம் வாங்கி வருவதே இவர்தான், ஆனாலும் அண்ணன் அந்த அறைக்குள் போவார் என்பதையே மறக்கடித்துவிட்டது கல்யாண ஆசை. தட்டோடு உள்ளே போன அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அப்பா போன்ல வெளக்கு எரியல. மதி, என்னன்னு பாரு."

அண்ணன் பக்கத்திலேயே நிற்க, மதியழகன் தன் கையாலேயே லைசென்சையும் நூற்றியொன்றையும் திருப்பிக் கொடுத்தார். பெரியவருக்கு விளக்கு வந்தது, இவருக்கு அணைந்தது. அண்ணன் திருப்தியாகப் போய்க் கற்பூரத்தை ஏற்றினார்.

அது எரிந்துகொண்டிருக்கும்போதே பெரியவர் போன் அடித்தது. ஆபீஸே எழுந்து நின்றுவிட்டது. மதியழகன் ஓடினார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் ரிசீவரை இரண்டு கையாலும் எடுத்துவிட்டார்.

"ஆருங்க? மேனேஜருங்களா? இங்க மேனேஜரெல்லாம் ஆருமில்லீங்க. மதின்னு பில்லு போடற பையன் ஒருத்தன் இருக்கறான். நல்ல பையந்தானுங்க."

நல்ல பையன் என்று சர்டிபிகேட் வேறு. ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்ற அந்த முப்பத்தெட்டு வயதுப் பையனை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது.

வெண்ணந்தூரிலிருந்து அப்புறம் பேச்சே இல்லை. விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "சொல்லியிருந்தா நானே மேனேஜருன்னு சொல்லியிருப்பனே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஐப்பசியில் ஒரு லைசென்ஸ் கூடுதலாக வாங்கி மதியழகன் போனுக்கும் போடச் சொன்னார். விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் முதல் அழைப்பு வந்தது. மதியழகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். அண்ணன் குரல் என் மேசை வரை கேட்டது.

"மதி, அப்பா ரூம்ல ஊதுவத்தி அணைஞ்சு போச்சாட்ட இருக்குது. ஒண்ணு பத்த வெச்சுட்டு வந்துரு சாமி."