முதல் வரியில் எழுதிய பெயர்

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி பழைய கார் வாங்கப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். பாடி மேம்பாலம் தாண்டி அம்பத்தூர் போகிற சாலையில் கண்ணாடி வைத்த பெரிய கடை. உள்ளே ஏசி. கார்கள் எல்லாம் இப்போதுதான் குளித்துத் தலை துவட்டியவை போல நின்றன. கழுத்தில் அட்டை தொங்கிய விற்பனையாளர் எங்களுக்குக் காப்பி கொடுத்து, பேப்பர் வேலை முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாங்கள் ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். தோழிக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு மட்டும் எங்கேயோ சுருக்கென்றது. ஏன் என்று உடனே பிடிபடவில்லை. வெளியே வெயிலில் நின்ற ஒரு வண்டியின் கதவைத் திறந்தபோது சூடேறிய ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே வார்த்தையை, காப்பி இல்லாமல், இன்னொருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் பெயர் தனகோட்டி. பூந்தமல்லி பக்கம் ரோட்டோரமாகப் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அதே இடத்தில் விறகுத் தொட்டி வைத்திருந்தார். ஊரெல்லாம் கேஸ் அடுப்பு வந்ததும் விறகை விட்டுவிட்டுக் காருக்கு மாறினார். மாறியது சரக்கு மட்டும்தான். கொட்டகை அதேதான். விறகு நிறுக்கும் பெரிய தராசு சங்கிலியோடு அப்படியே தொங்கும். அதற்குக் கீழே ஓர் அம்பாசிடர் நிற்கும்போது, அதையும் எடைக்குத்தான் போடுவார்களோ என்று தோன்றும். மரப்பட்டை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வரும் அந்தக் கலவையை அதற்குப் பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை. தேடிப் போய் முகர வேண்டிய வாசனையும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், என் அப்பாவும் நானும் அங்கே போனோம். அப்பா என்று இப்போது எழுதுகிறேனே தவிர, வீட்டில் அவர் நைனா. கல்லூரிக்குப் போன முதல் வருஷம், தோழிகள் முன்னால் நைனா என்று சொல்லக் கூச்சப்பட்டு அப்பா என்று மாற்றினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நைனா டிரைவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டு செய்த ஒரு பட்டறை முதலாளிக்கு இருபது வருஷம் கார் ஓட்டினார். பட்டறையை மூடிவிட்டு முதலாளி மகனோடு வெளியூர் போனபோது, நைனாவுக்குக் கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போனார். அந்த வயதில் இன்னொருவருக்குக் கதவு திறந்துவிட நைனாவுக்கு மனம் இல்லை. ஒரு பழைய கார் வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டுவது என்று முடிவு செய்தார். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். வண்டிதான் இன்னும் வரவில்லை.

காரைப் பார்ப்பது அவர் வேலை. காகிதத்தைப் பார்ப்பது என் வேலை. நைனாவுக்கு எண்கள் படிக்கத் தெரியும். பெயரைக் கையெழுத்தாகப் போடவும் வரும். லைசென்ஸுக்காகக் கற்றுக்கொண்டது. அதை எழுதுகிறார் என்று சொல்ல முடியாது, கோலம் மாதிரி வரைவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். எட்டாவது படிக்கும்போதே தெருவுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன், கரண்ட் கனெக்‌ஷன். பேனாவைத் திறந்ததும் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில், அச்சுப் போல எழுதுவேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. பரீட்சையில் தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

தனகோட்டியின் கொட்டகையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. நைனா முதலில் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு பானெட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். சூடாக இருந்தால் நகர்ந்துவிட்டார். நாம் வருவதற்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், காலையில் அது மக்கர் பண்ணும் வண்டி என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். சில்லென்று இருந்த ஒரு வெள்ளை அம்பாசிடரிடம் நின்றார். மீட்டரைப் பார்க்காமல் குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். தேய்ந்திருந்தது, ஆனால் ஒரே சீராக. ஒரே கால் மிதித்த வண்டி என்றார். கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நைனா கால் எழுத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது பழக்க தோஷத்தில் பின்னால் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தனகோட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணுதான் மொதலாளியா? பின்னாடி குந்திகினு வருது."

"படிச்ச பொண்ணு. அங்கதான் குந்தணும்" என்றார் நைனா, சிரிக்காமல்.

நானும் சிரிக்கவில்லை. அது நியாயம் என்றுதான் அன்று நினைத்தேன்.

விலை படிந்து, பணம் கை மாறியதும், தனகோட்டி வண்டிச் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தோடு பெயர் மாற்றும் படிவம் ஒன்று இருந்தது. முதல் சொந்தக்காரர் தேவசகாயம் என்பவர் அடியில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். மற்ற எல்லா இடமும் வெற்று. அந்த வியாபாரத்தில் அதுதான் வழக்கம். விற்றவர் வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். காகிதம் வண்டியோடு கை மாறிக்கொண்டே இருக்கும். நாலு பேர் ஓட்டிய பிறகும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர்தான் இருக்கும்.

"இதுல நீ ஒண்ணும் எழுதாதம்மே. ஆபீஸாண்ட மரத்தடியில எழுதுறவன் கீறான், அவன் எழுதிக்குவான்" என்றார் தனகோட்டி.

நான் நிற்கும்போது எழுதுகிறவன் என்று இன்னொருவனா? வீடு வந்ததும் முகம் கழுவி, மேஜையைத் துடைத்து, படிவத்தை நிரப்பினேன். ஒரு கட்டம் விடவில்லை. நைனா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். வாசலில் மரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். நைனாதான், எதற்கும் அவர் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். அந்த ஆள் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உங்க நைனா வண்டிய விக்கிறாரா?"

"இல்லை, வாங்குகிறோம்."

"காயிதம் அப்டி சொல்லலியே."

படிவம் 'நான்' என்று ஆரம்பிக்கிறது. அந்த முதல் வரியில் நான் நைனாவின் பெயரை எழுதியிருந்தேன். பெற்றுக்கொள்பவர் இடத்தில் தேவசகாயம். அதாவது, இன்னும் தன் பெயருக்கே வராத வண்டியை நைனா அவருக்கே கொடுத்துவிட்டார். அதுவரை நான் நிரப்பிய அத்தனை படிவத்திலும் 'நான்' என்றால் எங்கள் ஆட்கள்தான். எதையாவது கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள். கொடுக்கிறவர் முதலில் பேசும் படிவம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடித்துத் திருத்தினால் செல்லாது என்றார் டைப்ரைட்டர்காரர். புதுப் படிவம் வேண்டும், விற்றவரின் கையெழுத்து மறுபடி வேண்டும். பெயர் மாறாமல் மஞ்சள் போர்டு கிடையாது. மஞ்சள் போர்டு இல்லாமல் ஆவணி முகூர்த்தம் கிடையாது. இருபது வருஷ உழைப்புக்கு வந்தது மொத்தமும் அந்த வண்டிக்குள் இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னதும் தனகோட்டி ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சில பேர் இரண்டாம் கையெழுத்துக்குத் தகராறு செய்வார்கள், வண்டியை மறுபடி பார்த்ததும் மனசு மாறிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார். புதுப் படிவத்தை நீட்டி வழியும் அவரே சொன்னார்.

"கையெழுத்துதானே? பாத்து நீயே போட்டுடும்மே. இந்த ரோட்ல ஓடுற பாதி வண்டி அப்டித்தான் ஓடினுகீது."

அன்று சாயங்காலம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேவசகாயத்தின் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். பத்தாவது தடவை அவருக்கே சந்தேகம் வராத அளவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நைனா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. எழுத்தை அவரால் படிக்க முடியாது. ஆனால் ஒரே வடிவம் வரிசையாகப் பத்துத் தடவை இருப்பது தெரியாதா?

"யார்து அது?"

"அந்த சாரோடது."

"அவரு இங்க வந்தாரா?"

நான் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டேன்.

"காலீல ரெடியா இரு. நெமிலிச்சேரி போவலாம்."

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த தேவசகாயத்தின் விலாசத்தில் கதவு எண் மாறிப்போயிருந்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு சுற்றினோம். கடைசியில் வண்டியே வழி காட்டியது. அரிசிக் கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்து, "தேவசகாயம் சார் வண்டியாச்சே" என்று வீட்டைக் காட்டினார்.

வாசல் நிலைக்கு மேலே சின்னச் சிலுவை வைத்த வீடு. தேவசகாயம் ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. அதனால்தான் வண்டியை விற்றிருந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் நேராக வண்டியிடம் போய் மட்கார்டைத் தடவினார். மனசு மாறிவிடுவார்கள் என்று தனகோட்டி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நைனா வண்டியை விட்டுத் தள்ளி, டிரைவர்கள் நிற்கிற இடத்தில் கைகட்டி நின்றிருந்தார்.

"ஓனர் வரலையாப்பா?" என்றார் அவர்.

நைனா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "நான்தான் சார்."

விஷயத்தைச் சொன்னோம். அவர் பழைய படிவத்தை வாங்கி மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து தெரிந்தது போலிருக்கிறது. வரிவரியாகத் தலையை நகர்த்தினார்.

"என் வண்டியை எனக்கே எழுதி வெச்சிருக்கே. யார் எழுதினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நைனா சொல்லிவிட்டார்.

"நான்தான் சார். கண்ணாடி இல்லாம எழுதிட்டேன்."

நைனா வாழ்க்கையில் கண்ணாடி போட்டதே இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், எழுதுகிறவர்கள் எல்லாரும் கண்ணாடி போட்டவர்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். தேவசகாயம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சுடிதார்க் கழுத்தில் செருகியிருந்த பேனா வரைக்கும் அவர் கண் எட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கண்ணாடி இல்லாமலே இவ்வளவு அழகாவா எழுதினீங்க?" என்றார். "நல்ல கையெழுத்து."

புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினார். அவர் போட்டது முன்பு போட்டது மாதிரி இல்லை, கோணிக்கொண்டு போனது. நான் பழகியதுதான் அசலைப் போல இருந்திருக்கும்.

திரும்பும்போது நைனா பின்கதவைத் திறக்கப் போனார். நான் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எழுதியது நான்தான் என்று தேவசகாயத்திடம் ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். பட்டாபிராம் கேட்டில் ரயிலுக்காக நின்றபோது நைனா, "நல்ல கையெழுத்துன்னாரு" என்றார். அந்தத் தப்பான படிவத்தை நாலாக மடித்து, முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் சன் வைசருக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் புதுப் படிவத்தை மரத்தடிக்காரர்தான் அடித்துக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணிக்கு மஞ்சள் போர்டு வந்தது.

வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. கல்யாணங்களுக்கு மக்கள் ஏசி வண்டி கேட்க ஆரம்பித்தார்கள். நைனாவுக்கும் முழங்கால் வலி. தனகோட்டியின் கொட்டகையில்தான் திருப்பிக் கொடுத்தோம். தராசு அப்போதும் தொங்கியது. இந்தத் தடவை தனகோட்டியே அதே மாதிரி வெறும் படிவத்தை என்னிடம் நீட்டினார். 'நான்' என்று ஆரம்பிக்கும் முதல் வரியில், அதே பெரிய எழுத்தில், நைனாவின் பெயரை எழுதினேன்.

"இந்த வாட்டி கரீட்டா கீதா பாரு" என்றார் நைனா.

"கரீட்டா கீது, நைனா."

தனகோட்டியும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நைனா குனிந்து, அவசரமில்லாமல், தன் பெயரை வரைந்தார்.

வைசருக்குப் பின்னால் இருந்த காகிதத்தை எடுக்க மறந்துவிட்டோம். வண்டியோடு அதுவும் போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடு. நைனாவும் இல்லை.

கண்ணாடிக் கடையில் தோழிக்கு எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். அவள் பென்சிலால் குறி வைத்த இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டாள். முதல் வரியில் யார் பெயர் என்று அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நல்ல கையெழுத்து என்று சொல்லத்தான் அதில் ஒன்றும் இல்லை.