வெற்றிலை போடாத வாய்

கர்நாடகத்துச் சிர்சியில் பல் வைத்தியம் பார்க்கும் வைதேகி ஹெக்டேவுக்குத் தொட்டியில் துப்பும் சிவப்புத் தண்ணீர் புதிதல்ல. பாக்குத் தோட்டத்து ஊர். வருகிறவர்களில் பாதிப் பேர் வெற்றிலையை மென்றுகொண்டேதான் படியேறுவார்கள். கொப்பளிக்கச் சொல்லி விரட்டுவதும் திட்டுவதுமாகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. கைராசிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு.

பாக்கு உரிக்கும் தேவப்பா அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, நீங்க சொன்னபடி வெத்தலையை விட்டு மூணு வாரம் ஆச்சு. என் வீட்டுக்காரியே நம்பல. ஆனா ஈறு வீக்கம் வத்தல. இந்தக் கடைவாய்ப் பல்லு வேற ஆடுது. பிடுங்கிடுங்க."

"நீங்களாவது விடுறதாவது. கொப்பளிங்க, பாப்போம்."

துப்பினார். தொட்டி சிவந்தது.

"என்கிட்டயே பொய்யா தேவண்ணா?"

"பெத்த புள்ள மேல சத்தியம்மா. காலையில தலகாணியெல்லாம் இப்படித்தான் இருக்கு."

வைதேகி விளக்கை இழுத்துப் பார்த்தாள். ஈறுகள் ஊதிப் பற்களைப் பாதி மூடியிருந்தன. அண்ணத்தில் ஊசி குத்தினாற்போல் செம்புள்ளிகள். உதடு வெளுத்துக் கிடந்தது. அடிபடாத கையில் நீலம் பாரித்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இதே வாயைப் பார்த்து, வெற்றிலைக் கோளாறு என்று திட்டி அனுப்பியவள் அவள்தான்.

இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பல்லைத் தொடமாட்டேன். தொட்டா ரத்தம் நிக்காது. முதல்ல எதிர்ல போய் ரத்தப் பரிசோதனைக்குக் குடுங்க."

"ஒத்தப் பல்லுக்கு இவ்வளவு பயமா? நான் பாக்கு மரமே ஏறுறவன்."

பரிசோதனைக்கூடத்துக்காரர் தாளோடு தாமே ஓடிவந்தார். பத்தாயிரத்துக்குள் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இல்லையென்றே சொல்லலாம். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று தேவப்பாவிடம் மறைக்காமல் சொன்னாள். அதோடு அவர் கேலியை விட்டார். மனைவியை வரவழைத்து, இருவரையும் காரில் ஹுப்ளி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மறுநாள் அங்கிருந்து டாக்டர் போன் செய்தார்.

"பிடுங்காம விட்டீங்களே, நல்ல கண்ணுங்க உங்களுக்கு. பிடுங்கியிருந்தா உங்க நாற்காலியிலேயே போயிருப்பார். ஆனா ராத்திரி மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சு. பிழைக்கிறது கஷ்டம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா... நீங்க முதல்ல எப்பப் பாத்தீங்க?"

நேற்றுத்தான் என்று சொல்லிவிடலாம். யாரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை. தேவப்பாவின் மனைவிகூட அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கார் ஏறினாள்.

"மூணு வாரம் முன்னாடி," என்றாள் வைதேகி. "அப்பவே ஈறு வீங்கியிருந்தது."