கிலோமீட்டர் கேட்ட ரிஜிஸ்டர்

திருப்பதிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. பிளேடு அடியில் சுற்றும். பிச்சாட்டூர் பக்கத்தில் கூலி வேலைக்குப் போய்ப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நான்தான். இஞ்சின் ஒரு தடவை மக்கர் செய்தால் போதும், "பொம்பள ஓட்டினா இப்படித்தான்" என்று என்னை இறக்கிவிடப் பலர் காத்திருந்தார்கள்.

அதனால் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். காலையில் ஆயில் அளவுக் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பேன். வேலை முடிந்து இஞ்சின் ஆறியதும் ஒட்டியிருக்கும் புல்லைத் தட்டி, ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி உதறுவேன். ஐம்பது மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும். எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று ஒரு சின்ன மீட்டர் காட்டும். இதில் என்ன குழப்பம் வர முடியும்?

வந்தது. ஆயில் கேட்டு ஸ்டோருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கார், பஸ்ஸுக்கான ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"கிலோமீட்டர் எவ்ளோ ஆச்சு? செப்பும்மா."

"கிலோமீட்டர் இல்ல சார், இது மணிக்கணக்கு. வண்டி நின்னுக்கினு இருந்தாலும் இஞ்சின் சுத்திக்கினுதான் கீது."

"ஐயாயிரம் ஆகாம ஆயில் கெடையாது."

ஐயாயிரம் கிலோமீட்டர்! மனிதர் நடக்கிற வேகத்தில் போகிற வண்டி. அது அவ்வளவு தூரம் ஓடி முடிப்பதற்குள் இருபது தடவை ஆயில் மாற்றியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பழைய ஆயிலை ஒரு டீ கிளாஸில் பிடித்துக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன். தார் போல் இருந்தது. மூக்கைச் சுளித்தார். பிறகு கிலோமீட்டர் கட்டத்தில் அவரே 5,000 என்று எழுதி, ஆயில் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அடுத்த தடவை பத்தாயிரம். அப்புறம் பதினைந்தாயிரம், இருபதாயிரம். ஆயில் கிடைத்ததே என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது என் தப்புதான்.

அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு என் பெயருக்கு மெமோ கொடுத்தார். ஒரே வருடத்தில் கல்லூரி வண்டியை இருபதாயிரம் கிலோமீட்டர் எங்கே ஓட்டினாய், யாருடைய அனுமதியில் ஓட்டினாய் என்று கேள்வி.

"இத்த எடுத்துக்கினு கேட்டத் தாண்டினா நாய்கூட முந்திப் போயிடும் சார்" என்றேன். கையோடு மைதானத்துக்கு அழைத்துப் போய் மீட்டரைக் காட்டினேன். இருநூறு மணி. குனிந்து பார்த்தார். புரிந்துவிட்டது, சிரிக்கக்கூடச் செய்தார்.

"நுவ்வு சொல்றது கரெக்ட்டும்மா. ஆனா ரிஜிஸ்டர்ல எழுதினத அடிக்கக் கூடாதே. ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துடு, மெமோவ க்ளோஸ் பண்ணிடறேன்."

தெரிந்தே கேட்டார்! பொய்யை எழுதியவர் ஒருவர், பொய் என்று கண்ணால் பார்த்தவர் ஒருவர், மன்னிப்புக் கேட்க மட்டும் நானா? முடியாது என்ற சொல் வாய் வரை வந்தது. சொன்னால் மறுநாள் அந்த சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். எழுதிக் கொடுத்தேன்.

இஞ்சின் இன்றுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆனால் அந்த ஃபைலில் நான் கல்லூரி வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவள். கீழே என் கையெழுத்து இருக்கிறது.