பிளக்குக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே, நீங்கள் தாதிப் பாட்டி என்று கூப்பிடுகிறீர்களே, என் அத்தை, அவர் வேலைக்கே போகாமல் வீட்டோடு இருந்திருக்க வேண்டியவர். ஒரு காலை நேரம், எல்லாம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் இருந்தது.

அப்போது சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவருடைய கடைசித் தங்கையான அத்தையை, தாதிப் பயிற்சிக்கு நேர்முகம் என்று ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த நாள் விஜயதசமியாக அமைந்துவிட்டதால், நல்ல நாளாயிற்றே என்று அரைமனதாகத் தலையாட்டியிருந்தார். கூட்டிப்போகிற பொறுப்பு சித்தப்பாவுடையது. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது.

முதல்நாள் ஆயுத பூஜை. வேறு யார் செய்தாலும் பெரியப்பாவுக்குத் திருப்தி வராது. வண்டிக்கு அவரே சந்தனம், குங்குமம் வைத்தார். எஞ்சின் தலையில், பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தருகிற பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நெற்றிபோல் பளபளத்தது. அதை விடுவாரா? வயர் மாட்டும் முனையிலிருந்து அடிவரை சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் பெரிய பொட்டு வைத்தார். அன்றிரவு நல்ல மழை, வண்டியும் நனைந்தது.

காலையில் சித்தப்பா உதைத்தார், உதைத்தார், வேர்த்து ஊற்றும்வரை உதைத்தார். வண்டி செருமக்கூட இல்லை.

"தள்ளிட்டே போங்க லா, அதான பழக்கம்," என்று எதிர் தேநீர்க்கடைக்காரர் சிரித்தார்.

வெள்ளைப் புடவையில் நின்ற அத்தையைப் பார்த்துப் பெரியப்பா, "பாத்தியா, சாமியே வேணாங்குது. மேல போம்மா," என்றார்.

"டாக்சி புடிச்சாவது போயிடறேண்ணே."

"தடங்கல் வந்தப்புறம் படி எறங்கக் கூடாது."

அத்தையின் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா வண்டியை ஆராய ஆரம்பித்தார். டாங்கியைக் குலுக்கிப் பார்த்தார், பெட்ரோல் இருந்தது. விளக்கைப் போட்டார், எரிந்தது. ஹார்னை அழுத்தினார், அலறியது. பேட்டரியில் குறையில்லை. பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின்மேல் படுக்கவைத்தார். "அடி முனையில பொறி வருதான்னு பாரு. கைய வச்சிறாத," என்று என்னிடம் சொல்லிவிட்டு உதைத்தார்.

முனையில் ஒன்றுமில்லை. ஆனால் ஈரச் சந்தனத்தின்மேல் நீல நூல்போல ஒன்று ஓடி, இரும்பில் இறங்கியது. முனைக்குப் போக வேண்டிய மின்சாரம் பொட்டு வழியாகவே தப்பிப் போய்க்கொண்டிருந்தது!

"சித்தப்பா, பெரியப்பா வச்ச சந்..."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "பிளக்குல கரிண்ணே!" என்று சித்தப்பா உரக்கச் சொன்னார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டை நுனியால் பீங்கானையும் வயர் முனையையும் துடைத்து மாட்டினார். பிறகு எழுந்து, "அண்ணே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கல பாருங்க. ஒங்க கையால வச்சிருங்க," என்றார்.

பெரியப்பாவின் முகம் இளகியது. தாமே உள்ளே போய்ப் பழம் எடுத்துவந்து, குனிந்து சக்கரத்தடியில் வைத்தார். ஒரே உதை, சந்தே அதிர்ந்தது. அத்தை பின்னால் ஏறிக்கொள்ள, வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போனது.

"முறையா செஞ்சா எல்லாம் நடக்கும்," என்று பெரியப்பா தேநீர்க்கடைக்காரரிடம் பெருமையடித்தார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கண்டுபிடித்தது நாங்கள், பெயர் பழத்துக்கா? உண்மையைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாமே என்று அன்று முழுக்கச் சித்தப்பாவோடு பேசவில்லை.

நீங்கள் ஒவ்வொருவரும் பிறந்தபோது உங்களை முதலில் கையில் வாங்கி, துடைத்து, என்னிடம் காட்டியவர் அந்த அத்தைதான். அப்போதெல்லாம் சித்தப்பாவை நினைத்துக்கொள்வேன். அந்த எலுமிச்சம்பழம் வண்டி கிளம்புவதற்காக அல்ல, பெரியப்பா மனமிறங்கி அத்தையை அனுப்புவதற்காக வைக்கப்பட்டது என்பது, பிளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.