ரோவீனாவின் கஜானா

சனிக்கிழமை காலை, ஹார்டுவேர் கடை வாசலில் நிதி திரட்ட விற்கும் ரொட்டிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டே, காசு போடாமல் நழுவுகிறவரை ரோவீனா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "ஏம்ப்பா க்ளென், வாசம் மட்டும் பிடிச்சுட்டுப் போறியே, உண்டியல் என்ன கடிக்குமா?" கடற்காற்று புகையை முகத்தில் அடித்தாலும் அசைய மாட்டார்.

இறந்த போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்காக எங்கள் ஊரில் நடக்கும் சிறிய அறக்கட்டளைக்கு அவர்தான் பொருளாளர். ஸ்டேஷனில் தட்டச்சராக இருந்தவர். அங்கேயே கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வுபெற்ற நானும் குழுவில் இருக்கிறேன். தொடக்கத்தில் கேக் விற்பனையும் குலுக்கல் சீட்டுமாக நிதி தவழ்ந்தது. வங்கி வட்டி நன்றாக இருந்த வருடங்களில் நிமிர்ந்தது. வட்டி விழுந்தபோது லாரி முதலாளி மெர்வ் ஸ்டாக்கர் ஆண்டுதோறும் தந்த பெருந்தொகை தாங்கிப் பிடித்தது. நிதி பெருத்தால் ரோவீனாவுக்குப் பொறுக்காது. "தேங்கின தண்ணியில கொசுதான் வரும். யாருக்காவது குடுத்துத் தொலைங்க" என்பார்.

போன குளிர்காலத்தில் கீரன் ஹோவல் என்ற இளம் கான்ஸ்டபிள், விடுப்பில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். மனைவி டெஸ், இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன். அவர்களுக்கு உதவுவது பற்றிப் பேசக் குழு கூடியது.

"பணியில செத்தவங்களுக்குன்னுதான் விதி. இதுக்குக் குடுத்தா என் காசு இனிமே வராது" என்றார் மெர்வ்.

ரோவீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாலத்து விபத்துல செத்துப்போன அந்தக் குழந்தைய வெளிய எடுத்தது கீரன்தானே? அன்னிக்கு டூட்டியிலதானே இருந்தான்? அதுக்கப்புறம் அவன் தூங்கலன்னு ஊருக்கே தெரியும். சாவு அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு மெர்வ். கடைசி நாள் யூனிஃபார்ம் போடலன்னு பாக்குறியா?"

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. டெஸ்ஸின் கடன் தவணைகளை ஒரு வருடத்துக்குக் கட்டினோம். மெர்வ் சொன்னபடியே விலகினார். நிதி கேக் விற்ற காலத்து அளவுக்கு இறங்கியது. இறந்தவர்களின் குழந்தைகளுக்கு நிதியிலிருந்து நடத்திவந்த கோடை முகாம் நின்றுபோனது. முகாமுக்குக் காத்திருந்த தாய்மார்கள் ஹார்டுவேர் கடை வாசலுக்கே வந்து ரோவீனாவிடம் சண்டை போட்டார்கள். "ஆமா, என்னாலதான். பிள்ளைங்க முகம் எனக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார். மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு மூட்டினார்.

செப்டம்பரில் போலீஸ் நினைவு நாள். தேவாலயத்தில் முதல் வரிசை, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. வாசிக்கப்போகும், பணியில் இறந்தோர் பெயர்களில் கீரனின் பெயர் இல்லை. ரோவீனா தன் பக்கத்து இடங்களில் மேல்கோட்டையும் கைப்பையையும் பரப்பியிருந்தார். தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வந்து அங்கே உட்காரப் பார்த்த போலீஸ் அதிகாரியிடம், "ஆள் வருது சார், பின்னாடி போங்க" என்றார்.

பாட்டு தொடங்கிய பிறகு டெஸ் குழந்தைகளோடு வந்து, வாசலோரத் தூணருகே நின்றுவிட்டார். ரோவீனா திரும்பினார். கோட்டையும் பையையும் வாரி மடியில் வைத்துக்கொண்டு, காலியான பலகையை உள்ளங்கையால் தட்டினார்.